ஹார்ஸ் செஸ்ட்நட்டா, கேப் செஸ்ட்நட்டா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வீட்டு முற்றத்தில் நிழலுக்கு ஒரு மரம் வேண்டுமென்றால் கேப் செஸ்ட்நட் வையுங்கள். காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு வீங்குகிறது என்றால் ஹார்ஸ் செஸ்ட்நட் மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். பெயரில் பாதி ஒன்றாக இருப்பதால், கேப் செஸ்ட்நட் விதையை அந்த மாத்திரைக்குப் பதிலாகக் காய்ச்சிக் குடிக்கலாம் என்று யாரும் இறங்கிவிடக் கூடாது. இரண்டும் வேறு வேறு குடும்பம்.

ஹார்ஸ் செஸ்ட்நட்டின் சொந்த ஊர் பால்கன் மலைகள். துருக்கியர்கள் இருமுகிற குதிரைகளுக்கு அதன் கொட்டையைக் கொடுத்தார்கள். ஐரோப்பாவில் மூட்டுவலி வராமலிருக்க அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். பையில் கிடக்கும் கொட்டை மூட்டுக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் அதை வைத்துத் துணி வெளுத்தது உண்மையான பயன்: நம் பூந்திக்கொட்டையும் இதே குடும்பம்தான், இரண்டிலும் நுரைக்கும் சபோனின் இருக்கிறது.

இதில் பெரிய விஷயம் கால்தான். கொட்டையிலுள்ள ஏசின் என்ற பொருள், ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதைக் குறைக்கிறது. ஒரு வேளைக்கு 50 மில்லிகிராம் ஏசின், தினம் இரண்டு வேளை என்று கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் சில வாரங்களிலேயே வீக்கமும் வலியும் குறைந்தன. பச்சைக் கொட்டையோ விஷம். வாந்தி, வயிற்றுப்போக்கு என்று ஆளைப் படுக்கவைத்துவிடும். விஷத்தை நீக்கித் தயாரித்த மாத்திரைதான் வாங்க வேண்டும். ஆயாவோ தாத்தாவோ ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் என்றால், டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே வேண்டாம்.

சரி, முற்றத்துக்கு வருவோம். ஹார்ஸ் செஸ்ட்நட்டுக்கு நல்ல குளிர்காலம் வேண்டும். டர்பன் புழுக்கத்தில் அது தேறாது. கேப் செஸ்ட்நட் இந்த மண்ணின் மரம், எலுமிச்சையும் கறிவேப்பிலையும் சேர்ந்த குடும்பம். பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள்: இளஞ்சிவப்பில் ஐந்து குறுகிய இதழ்கள், அவற்றுக்கு நடுவே இதழ் போலவே இன்னும் ஐந்து, அவற்றின் மேல் கருஞ்சிவப்புப் புள்ளிகள். மரம் முழுக்க இப்படிப் பூத்து நின்றால் தெருவே நின்று பார்க்கும். எலுமிச்சை இலை தின்னும் பட்டாம்பூச்சிப் புழுக்கள் இதற்கும் வரும், மருந்தடிக்காதீர்கள்.

இங்கேயும் விதைக்கு ஒரு நம்பிக்கை உண்டு. தென்னாப்பிரிக்காவின் கோசா இன வேட்டைக்காரர்கள் அதிர்ஷ்டத்துக்காக அதைக் கூடவே எடுத்துப் போனார்கள். விதையிலிருந்து பிழியும் எண்ணெயில் சோப்பு செய்கிறார்கள். ஆனால் கால் வீக்கத்துக்கு இதை நம்ப வேண்டாம், இதில் ஏசின் கிடையாது.