ஜெல்லான் பொடி: 55 பாகைக்கு நல்லது, புட்டிங் வகையில் மட்டும் ஏமாறாதீர்கள்

37 பாகையில் பற்றீரியா வளர்க்கிற ஆளாக இருந்தால் வளர்ப்பு ஊடகத்தை இறுகவைக்கும் இந்தப் பொடி உங்களுக்குத் தேவையில்லை, வழக்கமாக அதற்குப் போடும் அகரே போதும். நாங்கள் வாங்கியது மகா ஓயா மண்ணுக்காக. செங்கலடியில் திரும்பி பதுளை வீதியில் போனால் வருமே அந்த வெந்நீர்க் கிணறுகள், அவற்றின் ஓரத்து மண்ணில் சூடு விரும்பும் பற்றீரியாக்கள் ஏதும் புது நுண்ணுயிர்க்கொல்லி செய்கின்றனவா என்று தேடுகிறோம். 1943இல் ஸ்ரெப்டோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி கிடைத்ததும் மண்ணிலிருந்துதான், ஆனால் சாதாரண மண்ணை அதற்குப் பிறகு உலகமே கிளறிவிட்டது, இப்போது கிளறினால் பெரும்பாலும் பழைய சேர்வைதான் திரும்பத் திரும்ப வரும். சூட்டில் வளர்பவற்றை அந்த அளவுக்கு யாரும் கிளறவில்லை.

சரி, அகரில் என்ன குறை? 85 பாகை வரை அது உருகாது, அது உண்மை. ஆனால் 55இல் வைத்தால் தண்ணீரைக் கக்குகிறது. மூடியில் சேர்ந்த நீர் சொட்டி இரண்டு கொலனிகளை (பற்றீரியாக் குவியல்களை) ஒன்றாக்கிவிடும், மூன்றாம் நாள் ஓரமெல்லாம் அப்பளம் மாதிரிச் சுருண்டிருக்கும். (காத்தான்குடிப் பக்கம் நோன்பு திறக்கக் கிடைக்கும் கடற்பாசியும் இதே அகர்தான். 1880களின் தொடக்கத்தில் பற்றீரியா ஆய்வாளர் ரொபேர்ட் கோக்கின் ஆய்வுகூடத்துக்கு இதைச் சொல்லிக்கொடுத்த ஃபனி ஹெஸ்ஸவுக்கும் அது சமையலறையில் பழகிய பொருள்தான்.)

ஜெல்லானைச் சுரப்பதே ஒரு பற்றீரியா. இரண்டு வகை உண்டு, எனக்கு அது தெரியாமல் போனது என் பிழை. இணையத்தில் ஒருவரிடம் எடுத்த முதல் பொதியில் 'ஜெல்லான்' என்று மட்டும்தான் இருந்தது, ஊற்றியதும் புட்டிங் மாதிரி ஆடியது, பற்றீரியாவைப் பரப்பக் கம்பி வளையத்தால் கோடு இழுக்கப் போனால் அப்படியே கிழிந்து வந்தது. கேட்டால் "எல்லாம் ஒன்றுதான்" என்றார்! ஒன்றில்லை. அது ஹை அசைல், மெத்தென்று ஆடும் வகை; நமக்கு வேண்டியது லோ அசைல், விறைப்பாக இறுகும் வகை. பொதியில் அந்தச் சொல் இல்லாவிட்டால் வாங்கவே வேண்டாம்.

சரியான பொடி வந்த பிறகு குறை சொல்ல மனமில்லை. அகர் லீற்றருக்கு 15 கிராம் போடும் இடத்தில் இது 8 கிராம் போதும், அதனால் விலை கூட என்றாலும் பெரிதாகக் கையைக் கடிக்கவில்லை. கண்ணாடி மாதிரித் தெளிவு, குண்டூசி முனையளவு கொலனியும் தெரிகிறது. ஈரப்பஞ்சோடு பொலித்தீன் பையில் போட்டு வைத்தோம், 55இல் ஐந்து நாள் தாங்கியது.

தொல்லைகளும் உண்டு. மக்னீசியம் குளோரைட்டு சேர்க்காவிட்டால் ஒழுங்காக இறுகாது, சேர்த்தாலோ உங்களுக்காகக் காத்திருக்காது, கிருமி நீக்கும் நீராவிக் கலமான ஒட்டோகிளேவிலிருந்து எடுத்த சூட்டோடேயே பெத்திரிக் கிண்ணங்களில் ஊற்றிவிட வேண்டும். நான் போன் எடுத்த இடைவெளியில் அரை லீற்றர் குடுவைக்குள்ளேயே இறுகிவிட்டது. அகர் என்றால் திரும்ப உருக்கலாம், இது உருகவே இல்லை, கரண்டியால் சுரண்டிக் கொட்டினேன்.

இன்னொன்று, சேர்வையைப் பிரிக்க ஜெல்லை வெட்டி எதைல் அசற்றேற்று என்ற கரைப்பானில் ஊறவைக்கும்போது, பற்றீரியா போடாத ஒரு வெறும் தட்டையும் கூடவே ஊறவையுங்கள். சேர்வைகளைப் புள்ளி புள்ளியாகப் பிரித்துப் பார்க்கையில், ஊடகத்திலிருந்தே வரும் புள்ளியைப் பார்த்துப் புதுச் சேர்வை என்று நாங்கள் ஒரு பின்னேரம் முழுக்கத் துள்ளியிருக்கிறோம்.

இப்போது சாம்பல் நிறக் கொலனி ஒன்று ஸ்ரெபிலோகொக்கஸ் என்ற நோய்க்கிருமியை விலக்கி வளையம் போட்டிருக்கிறது. புதுசா பழசா என்று பார்க்க அதன் திணிவு நிறமாலை (மூலக்கூறின் எடையைக் காட்டும் அளவீடு) வேண்டும், அந்தக் கருவி எங்களிடம் இல்லை, மாதிரியை வெளியே அனுப்பத்தான் வேண்டும். அதற்குள் அடுத்த பொதிக்குச் சொல்லிவிட்டேன், லோ அசைல்தானா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான்.