சிப்ஸ் கவர், மெலிந்த கேரிபேக்: தார்ச்சாலைக்கா, சிமென்ட் சூளைக்கா?

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் உருவாக்கிய பிளாஸ்டிக் தார்ச்சாலை முறையில், 2–4 மி.மீ. துண்டுகளாக நறுக்கிய பிளாஸ்டிக்கை முதலில் சுமார் 160–170 டிகிரி சூடான ஜல்லிமேல் தூவ வேண்டும். அது உருகி, கல்லின்மேல் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கிய பிறகே தார் சேரும். அளவு, தார் எடையில் 6–8 சதவீதம். பிளாஸ்டிக் ஈரமாக இருந்தால் பூச்சு பிடிக்காது. பெட் பாட்டில் அந்தச் சூட்டில் உருகாது. பி.வி.சி. (குழாய்க்குப் பயன்படும் குளோரின் உள்ள பிளாஸ்டிக்) கலந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். தொழிலாளியின் மூக்குதான் முதலில் எரியும்.

பிளாஸ்டிக்கை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும் சிமென்ட் சூளை இவ்வளவு கறார் இல்லை. உள்ளே 1,400 டிகிரிக்கு மேல். சிப்ஸ் கவர் போன்ற பல அடுக்குக் கவரும் எரியும், சாம்பல் கிளிங்கரோடு (அரைத்தால் சிமென்ட் ஆகும் கட்டி) சேரும். ஆனால் குளோரின் மிகுந்தால் ப்ரீஹீட்டரில் (மூலப்பொருளைச் சூளைக்கு முன் சூடாக்கும் பகுதி) உப்புப் படிவு சேர்ந்து அடைக்கும்.

தரம் பிரித்த, உலர்ந்த மெல்லிய கவர் என்றால் சாலை. மிச்சம் சூளைக்கு; அது மறுசுழற்சி அல்ல, எரிபொருள்தான்.