குமிழி ஓடும் திசைகாட்டியை ஏன் எடுத்தேன்

கண்டியில் ஒரு பழைய சாமான் கடை. கண்ணாடி அலுமாரிக்குள் பிரிட்டிஷ் இராணுவத் திசைகாட்டிகள் இரண்டு இருந்தன. ஒன்று முதலாம் உலகப் போர்க்காலத்து வெர்னர் வகை, 1917 என்று பொறித்தது. மற்றது இரண்டாம் போரின் மார்க் 3, வருடம் 1942. விலையில் சில ஆயிரம் ரூபாய்தான் வித்தியாசம். அரை நாள் யோசித்து மார்க் 3ஐ எடுத்தேன், அதுவும் கண்ணாடிக்குள் பயறளவு குமிழி ஓடுகிற ஒன்றை. "பழுதானதைத் தேடிப் பிடிச்சு வாங்கியிருக்கியே" என்று நண்பர்கள் இன்னும் சிரிக்கிறார்கள்.

பழைய இராணுவச் சாமான் சேர்க்கிறவன் என்று தெரிந்தாலே எல்லோரும் பிஸ்டலைப் பற்றித்தான் கேட்பார்கள். லைசென்ஸ் இல்லாத கைத்துவக்கை வீட்டில் வைத்துக்கொண்டு பொலிசுக்குப் பதில் சொல்கிற வேலை எனக்கு வேண்டாம். ஆனால் அடையாளம் காணும் வழி கைத்துவக்குக்கும் திசைகாட்டிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வெப்லி என்ற பிரிட்டிஷ் இராணுவ ரிவால்வரில் தேடுவதைத்தான் திசைகாட்டியிலும் தேட வேண்டும்: செய்தவர் பெயர், வருடம், இலக்கம், அப்புறம் கோழிக்கால் தடம் போல மூன்று கோடுள்ள அம்புக்குறி. அது பிரிட்டிஷ் அரசின் சொத்து என்பதற்கான முத்திரை. இந்தியாவுக்கு உரியதில் அம்புக்குக் கீழே 'ஐ' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். கனடாவுடையதில் அம்பு 'சி' எழுத்துக்குள் நிற்கும். அவுஸ்திரேலியாவுக்கு இரண்டு 'டி' (D) எழுத்துகளின் நடுவே.

எங்கள் பக்கத்தில் இவற்றோடு ஒரு கதையும் இலவசமாக வரும். இரண்டாம் போரில் நேச நாடுகளின் தென்கிழக்காசியத் தளபதியாக இருந்த மவுண்ட்பேட்டனின் தலைமையகம் 1944இல் பேராதனைப் பூங்காவுக்கு வந்தது உண்மை. இங்குள்ள வெள்ளைக்காரத் தோட்டத்துரைமார் சேர்ந்த படை 1915இல் துருக்கியின் கலிப்பொலியில் ஜெனரல் பேர்ட்வுட்டுக்குக் காவல் நின்றதும் உண்மை. அதனால் கடைக்கார நானா "இது மவுண்ட்பேட்டன் ஆபீஸ் சாமான், தம்பி" என்றபோது அதைப் பொய் என்று சொல்லவும் முடியவில்லை, அதற்குக் காசு கொடுக்கவும் மனம் வரவில்லை.

முத்திரையை மட்டும் நம்பியும் நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். வேறொரு கடையில் பளபளவென்று மின்னிய ஒரு பித்தளைத் திசைகாட்டி. 'டி.ஜி. (T.G.) கோ. லிமிடெட், லண்டன், 1940, மார்க் 3' என்று எல்லாம் சரியாகவே இருந்தது. வீட்டுக்கு வந்து மேசையில் வைத்தேன். டயல் நிற்கவே இல்லை, கோயில் திருவிழா ராட்டினம் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. உள்ளே வெறும் காற்று. சுற்றுலாக்காரர்களுக்காகச் செய்த போலி.

என் தீர்மானம் முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. அசல் மார்க் 3இன் டயல் திரவத்துக்குள் மிதக்கும். கையைத் திருப்பினால் எண்ணெய்க்குள் நகர்வது போல மெதுவாகத் திரும்பி, சில வினாடிகளில் நின்றுவிடும். எழுத்தை எவரும் வெட்டலாம், கோழிக்காலையும் வெட்டலாம். கசியாமல் திரவத்தை அடைத்து வைப்பது மலிவு வேலை இல்லை. நான் கையில் பிடித்துப் பார்த்த போலிகள் ஒன்றிலும் திரவம் இல்லை. குமிழி இருந்தால் உள்ளே திரவம் இருக்கிறது, எண்பது வருடத்தில் கொஞ்சம் போய்விட்டது, அவ்வளவுதான். மறுபக்கமும் சொல்ல வேண்டும்: முழுக்க வடிந்துபோன அசல்களும் உண்டு, ஆகவே காய்ந்ததெல்லாம் போலி என்று தூக்கி எறிய வேண்டாம். அப்போது உடம்பைப் பாருங்கள். பித்தளைக்கு மேல் கருப்புப் பூச்சு இருந்து, விரல் படும் விளிம்புகளில் மட்டும் தேய்ந்திருந்தால் நல்ல அறிகுறி.

வெர்னர் பிறப்பிலேயே காய்ந்த வகை. ஆடும் டயலை நிறுத்த பக்கத்தில் ஒரு பொத்தான் உண்டு, விட்டு விட்டு அழுத்த வேண்டும். அழகில் அதுதான் ஒரு படி மேல், அதை மறுக்க மாட்டேன். கசிய ஒன்றுமில்லை என்பதால் பராமரிப்பும் சுலபம். ஆனால் என் மாதிரி ஆளுக்கு அதில் திரவச் சோதனை இல்லை, கண்ணை மட்டும் நம்ப வேண்டும். கடையில் ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்ததோடு எனக்கும் வெர்னருக்கும் உள்ள பழக்கம் முடிந்தது. வருடக்கணக்கில் வைத்திருப்பவர்கள் வேறு மாதிரிச் சொல்லக்கூடும். கூட வந்த தோல் உறையில் அப்போதே பூஞ்சணம் பிடித்திருந்தது. நான் இருக்கும் மலைநாட்டு ஹட்டனின் ஈரத்துக்கு அது என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: குமிழியை எடுக்கிறேன் என்று மார்க் 3ஐக் கழற்றாதீர்கள். இருட்டில் தெரிவதற்காகப் பூசியது ரேடியம். ஒளி எப்போதோ செத்துவிட்டது, ஆனால் கதிர்வீச்சு பாதியாகக் குறையவே சுமார் 1600 வருடம் வேண்டும். சுரண்டி அந்தத் தூள் மூச்சில் போனால் வினைதான். என்னுடையது மூடியபடியே கிடக்கிறது.

வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. தோட்டத் தொழிலாளர் லயத்துத் தகரக் கூரைகளை விட்டுத் தள்ளி, தேயிலை மலை உச்சிக்கு ஏறி சிவனொளிபாதமலையைப் பார்த்து அளந்தேன். பழைய நில அளவை வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்ததில் இரண்டு பாகைதான் பிசகு, அதிலும் பாதி என் கை நடுக்கம். குமிழி டயலை மறைப்பதில்லை. குளிரில் திரவம் சுருங்கக் குமிழி பெருக்கும், வெயிலில் சிறுக்கும். போன மாதம் கொழும்புக்குக் கொண்டுபோனபோது அது மிளகளவுதான் இருந்தது. திரும்பும் ரயிலில் நாவலப்பிட்டி தாண்டி ஏற ஏற எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஹட்டனில் இறங்கும்போது பழையபடி பயறளவு.