தோற்கிற டீமுக்கு எந்தக் கோச்: சீறுகிறவரா, பொறுமைக்காரரா?

நம் மலையகத்தில் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபுட்போல் டீம் தொடர்ந்து இரண்டு மெச் தோற்றால் போதும், "நல்லா சத்தம் போடுற ஆள் ஒருத்தர் வேணும்" என்ற பேச்சு வந்துவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. தோற்கிற டீமில் பயம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேல் கோச்சும் ஏன் பயமுறுத்த வேண்டும்?

இங்கிலாந்து ஃபுட்போலின் மேல்பிரிவான பிரீமியர் லீக்கில் ஒரே வேலைக்கு வந்த இருவரைப் பார்ப்போம். இருவருமே கீழ்ப்பிரிவுக்கு விழ இருந்த டீமைக் காப்பாற்ற வந்தவர்கள்.

பாவ்லோ டி கானியோ 2013 மார்ச் கடைசியில் சண்டர்லாந்துக்கு வந்தார். மீதி இருந்தது ஏழு மெச். இரண்டாவது மெச்சிலேயே பரம எதிரியான நியூகாசிலை அவர்களுடைய மைதானத்தில் 3-0 என அடித்தார்கள். கோச் புல்லில் முழங்காலால் சறுக்கிக் கொண்டாடினார். ஆனால் அதே மாதக் கடைசியில் ஆஸ்டன் வில்லாவிடம் 6-1 என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். எப்படியோ 17ஆம் இடத்தில் தப்பினார்கள். தன் வீரர்களின் குறைகளை அவர் வெளிப்படையாகவே பேசினார். அடுத்த சீசனில் ஐந்து லீக் மெச்சில் கிடைத்தது ஒரே ஒரு புள்ளி. செப்டெம்பரில் அவரை அனுப்பிவிட்டார்கள்.

ரோய் ஹொட்ஜ்சன் 2007 டிசெம்பரில் ஃபுல்ஹமுக்கு வந்தார். நிதானமான மனிதர். யார் எங்கே நிற்க வேண்டும் என்பதையே திரும்பத் திரும்பப் பழக்குவார். பல வாரங்களுக்குப் பெரிதாக எதுவும் மாறவில்லை. ஏப்ரல் கடைசியில் மான்செஸ்டர் சிட்டியிடம் 2-0 எனப் பின்தங்கியிருந்த டீம், அதே மெச்சை 3-2 என்று வென்றது. கடைசி மூன்று மெச்சையும் வென்று, கோல் வித்தியாசத்தில் தப்பினார்கள். 2010இல் அதே ஹொட்ஜ்சன் அவர்களை யூரோப்பா லீக் இறுதிப்போட்டி வரை கொண்டுபோனார். இரண்டு பேருமே டீமைக் காப்பாற்றினார்கள், உண்மைதான். அப்புறம் டீமில் என்ன மிஞ்சியது என்பதில்தான் எனக்கு வித்தியாசம் தெரிகிறது.

சரி, கோபக்காரர் எல்லோரும் தோற்றார்களா? இல்லை. லெஸ்டர் டீமின் கோச்சாக இருந்த நைஜல் பியர்சன் 2015இல் ஒரு நிருபரைப் பார்த்து "நீங்கள் என்ன தீக்கோழியா?" என்கிற மாதிரிச் சீறினார். ஆனாலும் பட்டியலின் அடியில் கிடந்த அவருடைய டீம் கடைசி ஒன்பது மெச்சில் ஏழை வென்று 14ஆம் இடத்துக்கு ஏறியது. நிருபர், ரசிகர் என்று அவர் கோபம் வெளியே போனது. டீமுக்கு அது கவசமாக இருந்தது என்பதே என் கணிப்பு. அவருக்குப் பின் வந்த ரனியேரி, கோல் வாங்காமல் ஆடினால் பீட்சா என்று சொல்லி விளையாடிய மென்மையான மனிதர். 2016இல் சாம்பியன் ஆனார்கள். 2017 பெப்ரவரியில் அதே மென்மையான மனிதரும் வேலை இழந்தார். அதனால் அமைதியை நான் மந்திரம் என்று சொல்லவில்லை.

இப்போது நம் மலைக்கு வருவோம். சண்டர்லாந்து வீரருக்குச் சம்பளம் இருக்கிறது, திட்டு வாங்கினாலும் அடுத்த நாள் வருவார். நம் பொடியன்களைக் கட்டிவைக்க எதுவுமில்லை. பாதிப் பேர் கொழும்பில் கடையிலோ ஹோட்டலிலோ வேலை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்கு வரும்போதுதான் டீமே கூடுகிறது. மைதானத்துக்கு மேலே லயத்து வீட்டு வாசலில் அம்மா, பெரியப்பா, தங்கச்சி எல்லோரும் நிற்கிறார்கள். அவர்கள் முன்னால் ஒருவனைக் கேவலப்படுத்தினால், அடுத்த பிரக்டிஸுக்கு அவன் வரமாட்டான். அவனோடு சேர்ந்து சுற்றுகிற இன்னொருவனும் வரமாட்டான். மொத்தமே பதின்மூன்று பேர் உள்ள டீமில் இரண்டு பேர் போனால் என்ன மிஞ்சும்?

ஒரே நாளில் முடிகிற நொக் அவுட் என்றால் சீறுகிற ஆளைக் கூப்பிடுங்கள், அன்றைக்கு அது வேலை செய்யலாம். வருடம் முழுக்க ஒருவரை வைக்கப்போகிறீர்கள் என்றால், முதலில் ஒரு மழை மெச்சில் அவரைப் பாருங்கள். ஈரப் பந்து கீப்பர் கையிலிருந்து நழுவி கோல் ஆனதும், அடுத்த இரண்டு நிமிடம் அவர் கீப்பரிடம் என்ன சொல்கிறார், யாரைப் பார்த்துக் கத்துகிறார் என்று கவனியுங்கள்.