பிரேக் பூஸ்டர் மாற்றியதாகப் பில், மாற்றவே இல்லை: பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் காரை விட்டு, பாகம் பாகமாகப் பணம் கட்டி ஏமாந்து வந்திருக்கிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர்கள் செய்ததைத் தெரிந்துகொண்டால் இந்த மாதிரி ஆட்களை எங்கேயும் அடையாளம் கண்டுவிடலாம்.

என்னுடையது முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டி. பெடல் வழக்கத்தைவிடக் கீழே போக ஆரம்பித்தது. அடுத்தடுத்து மிதித்தால் மேலே வரும், விட்டால் மறுபடி பழைய கதை. சூப்பர்வைசர் சீட்டில் உட்கார்ந்து ஒரே ஒரு மிதி மிதித்தார். "மாஸ்டர் சிலிண்டர் போயிடுச்சு சார்." (பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம் அது.) ஒரு சக்கரத்தைக்கூடக் கழற்றவில்லை. பிரேக் ஆயில் டப்பாவை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சரி என்று மாற்றச் சொன்னேன். பெடல் கல்லு மாதிரி நின்றது. கொஞ்ச நாளில் மறுபடி தொளதொளப்பு. "அப்போ பூஸ்டர்தான் சார், பழைய வண்டி இல்லையா." அதற்கும் பில் வந்தது, பெடலும் சரியானது. பிறகு மறுபடி கீழே. மூன்றாவதாக, டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் முன் காலிப்பர்களை ஓவர்ஹால் செய்தார்கள். இந்தத் தடவை சரியானது போலக்கூடத் தெரியவில்லை. பெடல் ஏறக்குறைய தரையைத் தொட்டது. "ஓட்ட ஓட்ட செட் ஆகிடும் சார்" என்றார்கள். பிரேக் ஓட்ட ஓட்டத் தானாகச் சரியாகும் என்று சொல்லும் இடத்திலிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வருவதாவது! டோ செய்து வேறு ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன்.

ஏன் முதல் இரண்டு தடவையும் கொஞ்ச நாள் சரியாக இருந்தது என்பதை அந்த அண்ணன் சொன்னபோதுதான் சூட்சுமம் புரிந்தது. மாஸ்டர் சிலிண்டரையோ காலிப்பரையோ மாற்றினால் ஆயில் போகும் பிரேக் லைனைத் திறந்தாக வேண்டும். திறந்தால் கடைசியில் ஏர் எடுத்தே, அதாவது உள்ளே புகுந்த காற்றை ஆயிலோடு வெளியேற்றியே, தீர வேண்டும். லைனில் இருந்த காற்று அதோடு வெளியே போய்விடும், பெடல் மேலே வந்துவிடும். புதுப் பாகத்தால்தான் சரியானது என்று நாம் நம்பிவிடுவோம். காற்று எந்த வழியாக உள்ளே வருகிறதோ அந்த வழி அப்படியே திறந்திருக்கும்.

அவர் ஸ்பானரைத் தொடும் முன்பே காலால் பாதி வேலையை முடித்தார். இன்ஜின் ஓடும்போது பெடலை ஒரே அழுத்தத்தில் மிதித்துப் பிடித்திருந்தார். ஆயில் அளவு குறையாமல் பெடல் மட்டும் மெல்ல மெல்ல இறங்கினால், மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீல் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அடுத்தடுத்து மிதித்தால் மேலே வருகிறது, ஆனால் மெத்தென்றே இருக்கிறது என்றால் லைனில் காற்று. மேலே வந்து கெட்டியாகவும் நிற்கிறது என்றால் பின் டிரம்மில், அதை உள்ளிருந்து உரசி நிறுத்தும் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம், அட்ஜஸ்ட் செய்தால் போதும். எங்கே பிரச்சினை என்று பிடிபடாவிட்டால், அதற்கென்று இருக்கும் கிளாம்பால் ரப்பர் ஹோஸை ஒவ்வொன்றாக அடைத்துப் பார்ப்பார்களாம். எந்த ஹோஸை அடைத்ததும் பெடல் கெட்டியாகிறதோ அந்தப் பக்கம்தான் கோளாறு. (சாதா பிளையரால் நெரித்தால் பழைய ஹோஸ் உள்ளே கிழிந்துவிடும், அது வேறு தலைவலி.)

பூஸ்டர் விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார். பூஸ்டர் வேக்குவத்தை வைத்து நம் காலுக்கு உதவி செய்வது. அது கெட்டால் பெடல் மரக்கட்டை போல இறுகும், முழு பலத்தையும் கொடுத்து மிதிக்க வேண்டியிருக்கும். மெத்தென்று போகும் பெடலுக்கு யாராவது பூஸ்டரைக் குறை சொன்னால் அங்கேயே சாவியைத் திருப்பி வாங்கிவிடுங்கள். அதைச் சோதிப்பதும் சுலபம். இன்ஜினை நிறுத்திவிட்டு நாலைந்து தடவை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்ய வேண்டும். பெடல் காலுக்குக் கீழே லேசாக இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. என் வண்டியில் இறங்கியது.

அது புது பூஸ்டராயிற்றே, இறங்கத்தானே செய்யும் என்றேன். டார்ச்சை வாங்கி டாஷ்போர்டுக்கு அடியில், பெடலுக்கு மேலே அடித்துக் காட்டினார். பூஸ்டரைப் பிடித்திருக்கும் நட்டுகள் அங்கேதான் இருக்கின்றன, அவற்றைக் கழற்றாமல் பூஸ்டர் வெளியே வராது. அந்த நட்டுகளில் துரு அப்படியே படிந்திருந்தது, ஸ்பானர் பட்ட தடமே இல்லை. ஒரு நட்டிலிருந்து பக்கத்து வயருக்கு ஒட்டடை வேறு! அதைக் கலைக்காமல் ஃபோட்டோ எடுத்துக்கொண்டேன். பூஸ்டரை மாற்றாமலே அப்போது பெடல் சரியானது, ஏர் மட்டும் எடுத்ததால்தான் போல.

அப்புறம் சக்கரங்களைக் கழற்றினார். காலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிள் மேல்பக்கம் இருக்க வேண்டும், ஏனென்றால் காற்று மேலேதான் ஏறும். என் வண்டியில் இரண்டுமே கீழே பார்த்துக்கொண்டிருந்தன. இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறார்கள். சில கார்களில் மாற்றி வைத்தாலும் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். எத்தனை பாட்டில் ஆயில் ஊற்றி ஏர் எடுத்தாலும் மேலே தங்கிய காற்று வராது.

முதல் நாளிலிருந்து இருந்த உண்மையான கோளாறு பின்பக்கத்தில். ஒரு டிரம்மைத் திறந்து, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை நுனியில் தூக்கியதும் ஆயில் வழிந்தது. பெடலை விடும்போது அதே வழியாகக் காற்று உள்ளே போயிருக்கிறது. ஷூ முழுக்க ஆயில் ஊறிக் கிடந்தது. இரண்டு பக்கமும் வீல் சிலிண்டர், ஷூ மாற்றி, காலிப்பர்களை இடம் மாற்றி, ஆயிலை முழுவதும் புதிதாக்கி ஏர் எடுத்தார். "புது ஆயில்" என்று மூன்று பில்லிலும் இருந்தது. டப்பாவில் இருந்ததோ கருத்துக் கலங்கிய ஆயில். புதிய டாட் 4 ரக பிரேக் ஆயில் வெளிர் மஞ்சளில் தெளிவாக இருக்கும். அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் பல கார்களுக்கு 2 ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காத ஆயில், ஈரம் ஏறியபின் 155 டிகிரிக்கே கொதிக்கலாம். மலைப்பாதை இறக்கத்தில் அது கொதித்து ஆவியானால் பெடல் தரைக்குப் போய்விடும்.

ஃபோட்டோக்களோடு பழைய ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பூஸ்டர் பணத்தை வாய் பேசாமல் திருப்பித் தந்தார்கள். காலிப்பருக்கு, "பையன் மாத்தி மாட்டிட்டான் போல சார்" என்று பதில். மாஸ்டர் சிலிண்டர் பணம் மட்டும் வரவில்லை. பழையது எங்கே, அது உண்மையிலேயே கெட்டிருந்ததா என்று பார்க்கலாம் என்றால், "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சே" என்று கையை விரித்துவிட்டார்கள். நீங்கள் காரை விடும்போதே, கழற்றும் பழைய பாகங்கள் எனக்கு வேண்டும் என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். அதை எழுதத் தயங்கினால் வண்டியை அங்கே விடாதீர்கள்.