கேப் டவுன் இதய மியூசியம்: போகலாமா?

பைபாஸ் செய்துகொண்ட மாமாவை டர்பனிலிருந்து கூட்டிக்கொண்டு போய் இங்கே நிறுத்தினேன். கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது, ஆனால் மனிதர் அசரவில்லை.

குரூட் ஸ்கூர் மருத்துவமனையின் பழைய கட்டடத்தில் இருக்கிறது. 1967 டிசம்பர் 3 அன்று கிறிஸ்டியான் பர்னார்ட் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவை சிகிச்சை செய்த தியேட்டரை, முகக்கவசம் போட்ட பொம்மை மனிதர்களோடு அப்படியே காட்டுகிறார்கள். நோயாளி லூயி வாஷ்கான்ஸ்கி. இதயம் கொடுத்தது டெனிஸ் டார்வால், 25 வயதுப் பெண், கேக் வாங்கிக்கொண்டு சாலையைக் கடக்கும்போது கார் மோதியவள். எனக்கு அங்கேதான் தொண்டை அடைத்தது.

வாஷ்கான்ஸ்கி 18 நாள்தான் இருந்தார். புது இதயம் நன்றாகத்தான் துடித்தது, ஆனால் உடம்பு அதை நிராகரிக்காமலிருக்கக் கொடுத்த மருந்துகள் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிட, நிமோனியா கொண்டுபோய்விட்டது. அடுத்த மாதமே பிலிப் பிளைபெர்க் என்ற வெள்ளைக்காரருக்கு, வெள்ளையரையும் மற்றவர்களையும் பிரித்துவைத்த அபார்தைட் சட்டம் 'கலர்ட்' (கலப்பினத்தவர்) என்று ஒதுக்கிய கிளைவ் ஹாப்டின் இதயத்தை வைத்தார்கள். அவர் 19 மாதம் வாழ்ந்தார். "பெஞ்சில் சேர்ந்து உட்காரக் கூடாது, நெஞ்சுக்குள் மட்டும் வைக்கலாமா?" என்றார் மாமா.

வழிகாட்டியோடுதான் சுற்றவேண்டும், அவசரப்படாமல் கேளுங்கள். இதய மாற்றை முதலில் நாய்களை வைத்துப் பரிசோதித்ததைக் காட்டும் பகுதியைச் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாம்.