பதினொன்றாம் தேதி விழுந்த சர்வர்: மரியாடிபியோடு என் அனுபவம்

“தம்பி, பில் போட முடியல. கவுண்டர்ல பத்துப் பேர் நிக்கிறாங்க.”

2021 டிசம்பர் 11, சனிக்கிழமை. மதுரையில் ஒரு மொத்த மருந்துக் கடைக்குப் பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்து, சர்வரையும் நானே பார்த்துக்கொள்கிறேன். 2 ஜிபி ரேம் உள்ள வாடகை சர்வர். டெபியன் 10 என்ற லினக்ஸ், அதோடு வந்த மரியாடிபி 10.3 என்ற டேட்டாபேஸ், மென்பொருளை எழுதிய மொழியான பிஎச்பி, வெப் சர்வர் எல்லாம் அந்த ஒரே பெட்டியில். ஏப்ரலிலிருந்து எட்டு மாதம் சத்தமே இல்லாமல் ஓடியது. அன்று உள்ளே போய்ப் பார்த்தால் மரியாடிபி நின்று கிடந்தது. ஸ்டார்ட் கொடுத்தேன், எழுந்துகொண்டது. கடைக்கார அண்ணாச்சிக்கு “சரியாயிடுச்சு” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

ஜனவரியில் மறுபடி. பிப்ரவரியில் இரண்டு தடவை.

எரர் லாக்கைத் திறந்தால் முந்தைய நாளின் சாதாரண வரிகள் இருக்கும். அடுத்த வரியிலேயே இன்னோடிபி (மரியாடிபிக்குள் தரவைச் சேமிக்கும் பகுதி) கிராஷ் ரெக்கவரியை, அதாவது விழுந்தபின் மீட்கும் வேலையை, தொடங்கிவிட்டதாக இருக்கும். விழுந்து எழுந்த கதையில் எழுந்தது மட்டும்தான் அங்கே எழுதியிருக்கும். இன்னொரு குழப்பமும் உண்டு. சில நாள் அது தானாகவே ஐந்து வினாடியில் எழுந்துகொள்ளும், யாருக்கும் தெரியாது. சில நாள் எழவே எழாது, பஃபர் பூலுக்கு (தரவை ரேமில் வைத்துக்கொள்ளும் இடம்) நினைவகம் ஒதுக்க முடியவில்லை என்று லாக்கில் புலம்பிவிட்டுப் படுத்துவிடும்.

இங்கே நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லியாக வேண்டும். பஃபர் பூல் ஏற்கெனவே 1 ஜிபி வைத்திருந்தேன். மொத்த ரேமில் 70 சதவீதம் கொடுக்கலாம் என்று எங்கோ படித்தது நினைவுக்கு வர, 1.4 ஜிபி ஆக்கினேன். அந்தக் கணக்கு டேட்டாபேஸ் மட்டும் தனியாக ஓடும் மெஷினுக்கு. வெப் சர்வரும் கூடவே குடியிருக்கும் வீட்டில் அப்படிக் கொடுத்தால் மற்றவர்கள் எங்கே படுப்பார்கள்? மார்ச்சில் நிலைமை மோசமானது. அப்புறம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, செத்திருந்தால் எழுப்பும் ஸ்கிரிப்ட் ஒன்றை, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் போட்டேன். போன் அழைப்பு குறைந்தது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 11 அன்று மூன்று தடவை விழுந்தது. அந்த மாதக் கடைசியில் எல்லாப் பேக்கேஜ்களையும் அப்டேட் செய்தேன். மே மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட், எதுவும் இல்லை. அப்டேட்தான் காப்பாற்றியது என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொன்னேன். டிசம்பரில் மறுபடி ஆரம்பித்தது.

இந்த முறைதான் ஒழுங்காக உட்கார்ந்தேன். மரியாடிபியின் லாக்கை விட்டுவிட்டு, லினக்ஸின் மையமான கெர்னலின் லாக்கைப் பார்த்தேன். அதைக் காட்டும் டிமெசேஜ் கட்டளை கொடுத்ததும் முதல் திரையிலேயே இருந்தது: அவுட் ஆஃப் மெமரி, கில் பிராசஸ், மைஎஸ்க்யூஎல்டி. மரியாடிபி ஓடும் பிராசஸின் பெயர்தான் அது. பழைய கெர்னல்கள் இந்த வரியில் ‘அல்லது பிள்ளையைப் பலி கொடு’ என்றும் சேர்த்து எழுதும். நடு ராத்திரியில் படித்தால் கொஞ்சம் கிலிதான். நினைவகம் தீர்ந்துபோனால் லினக்ஸ் ஒவ்வொரு பிராசஸுக்கும் மதிப்பெண் போட்டு, அதிகம் வாங்கியவனைச் சிக்னல் 9 அனுப்பிக் கொல்லும். அந்தச் சிக்னலைப் பிடிக்கவே முடியாது, அதனால் சாகிறவனுக்கு ஒரு வரி எழுதிவைக்கக்கூட அவகாசம் கிடையாது. எரர் லாக் ஊமையாக இருந்ததன் காரணம் அதுதான்.

சரி, நினைவகத்தைத் தின்றது யார்? கொல்லப்பட்ட தேதியையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதினேன். தேதிகள் 10, 11, 11, 10, 11. மணி பெரும்பாலும் காலை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள். தேதிகளைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. மாத விற்பனையைக் காட்டும் ஜிஎஸ்டி படிவமான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்யக் கடைசி நாள் அடுத்த மாதம் 11. கணக்குப் பார்க்கும் அக்கா விற்பனை ரிப்போர்ட் எடுக்கும் நாள்.

கடைக்குப் போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ரிப்போர்ட் பட்டனை அழுத்தினார். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. ரெஃப்ரெஷ் செய்தார். மறுபடி சுற்றியது. இன்னொரு டேப் திறந்து அங்கேயும் அழுத்தினார். “எப்பவும் இப்படித்தான் தம்பி, நாலஞ்சு வாட்டி அடிச்சாத்தான் வரும்.” ரெஃப்ரெஷ் செய்தால் பழைய வேலை நின்றுவிடும் என்றுதான் யாரும் நினைப்போம். பிஎச்பி எதையாவது வெளியே அனுப்ப முயலும்போதுதான் எதிரில் ஆள் இல்லை என்று அதற்குத் தெரியும். என் ரிப்போர்ட்டோ எல்லா வரிகளையும் சேர்த்த பிறகே வாயைத் திறக்கும். ஆக, அக்கா நாலு தடவை அழுத்தினால் நாலு ரிப்போர்ட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

எழுதிய புண்ணியவான் நானேதான். நிதியாண்டின் ஏப்ரல் 1 முதல் எல்லா பில் வரிகளையும் நினைவகத்தில் ஒரு அரேயில் (பட்டியலில்) இழுத்துக்கொண்டு, வேண்டிய மாதத்தைப் பிஎச்பியில் வடிகட்டியிருக்கிறேன். நவம்பர் டிசம்பர் வரும்போது அரே வீங்கிவிடும். மார்ச் மாத ரிப்போர்ட் எடுக்கும் ஏப்ரல் 11 அன்று உச்சம். மே மாதம் ரிப்போர்ட் எடுக்கும்போது புது நிதியாண்டு, ஒரே ஒரு மாதத் தரவு. என் அப்டேட்டுக்கும் அந்த அமைதிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பிஎச்பி பிராசஸ் ஒவ்வொன்றும் 400 எம்பிக்குள்தான். மரியாடிபி ஒரே ஆளாக 1 ஜிபிக்கு மேல். கெர்னல் தனித்தனியாகத்தான் எடை போடும், எனவே பெரிய உடம்பே மாட்டியது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். விழுந்தபின் எழமுடியாமல் போனதும் இதனால்தான்: ரிப்போர்ட்டுகள் இன்னும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால் பஃபர் பூலுக்கு இடம் கிடைக்காது.

மருந்து சாதாரணமானது. தேதி வடிகட்டலை டேட்டாபேஸிடம் கேட்கும் குவெரிக்குள் கொண்டுபோனேன், வரி வரியாகப் படித்து ஃபைலில் எழுத வைத்தேன். யாரோ மெதுவாக இருக்கிறது என்றதற்காக 40 ஆக்கி வைத்திருந்த பிஎச்பி பிராசஸ் எண்ணிக்கை 8 ஆனது. பஃபர் பூல் 512 எம்பி. இயல்பாக 151 இருக்கும் கனெக்‌ஷன் வரம்பு 40. ஸ்வாப்பே (ரேம் போதாதபோது வட்டில் எடுத்துக்கொள்ளும் இடம்) இல்லாத சர்வரில் 2 ஜிபி ஸ்வாப் ஃபைல். அன்றிலிருந்து அந்த சர்வரில் ஒரு கொலைகூட விழவில்லை.

இத்தனை அடியிலும் ஒரு பில்கூடத் தொலையவில்லை என்பதுதான் மரியாடிபியைப் பற்றி நான் சொல்லும் பெரிய நல்ல வார்த்தை. இன்னோடிபி எதையும் முதலில் ரீடூ லாக் என்ற குறிப்பேட்டில் குறித்துக்கொள்வதால், பாதியில் கொன்றாலும் எழுந்ததும் கமிட் ஆனதை (உறுதியாகப் பதிந்ததை) மீட்டு, ஆகாததைத் திருப்பிவிடும். அடி வாங்கியது பழைய மென்பொருளிலிருந்து அப்படியே கொண்டுவந்த ஒரு மைஐசாம் (பழைய சேமிப்பு முறை) டேபிள் மட்டும். அதற்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. கிராஷ் ஆனதாகக் குறி விழுந்து, ரிப்பேர் கொடுக்கும்வரை திறக்க மறுத்தது. அதையும் இன்னோடிபிக்கு மாற்றிவிட்டேன். உங்களிடம் பழைய டேபிள்கள் இருந்தால் இன்றைக்கே ஒரு பார்வை பாருங்கள்.

2024-ல் வேறு மாதிரி ஒரு தொல்லை. கடையில் இருக்கும் பழைய டெஸ்க்டாப்பில் ஒரு ரெப்ளிகா, அதாவது டேட்டாபேஸின் நகல், ஓட்டுகிறேன். அது சிக்னல் 11 (தவறான நினைவக அணுகல்) என்று அலறிக்கொண்டு விழ ஆரம்பித்தது. இந்த முறை எரர் லாக்கில் பக்கம் பக்கமாக ஸ்டாக் டிரேஸ் (விழும்போது எந்தக் கோடு ஓடியது என்ற பட்டியல்). நேரத்தில் ஒழுங்கில்லை, டேபிளிலும் ஒழுங்கில்லை, நடுநடுவே தரவுப் பக்கம் சிதைந்திருப்பதாகப் புகார். அந்த ஒழுங்கின்மைதான் துப்பு. ராத்திரி முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடவிட்டேன், காலையில் திரை முழுக்கச் சிவப்பு. இரண்டு ரேம் குச்சிகளில் ஒன்று போயிருந்தது. மாற்றிவிட்டு, ரெப்ளிகாவை முதன்மை சர்வரிலிருந்து புதிதாகக் கட்டினேன். இன்னோடிபி ஃபோர்ஸ் ரெக்கவரி என்று 1 முதல் 6 வரை ஒரு அமைப்பு உண்டு. 4-லிருந்து மேலே போனால் தரவு நிரந்தரமாகக் கெட வாய்ப்பிருக்கிறது. வேறு நகல் இருக்கிறவர் அந்தப் பக்கமே போக வேண்டாம். இல்லாதவர் ஃபைல்களைக் காப்பி எடுத்துவைத்து, 1-லிருந்து ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள்.

இப்போது டெபியன் 12, மரியாடிபி 10.11. அக்கா ஒரே அழுத்தில் ரிப்போர்ட் எடுக்கிறார், ஆனால் பழக்கத்தில் இரண்டாவது தடவையும் அழுத்துகிறார். அந்த ஐந்து நிமிட ஸ்கிரிப்ட் இன்னும் கிரானில் இருக்கிறது. ஓடாமல் இருக்க முன்னால் ஒரு ஹேஷ் (#) போட்டு வைத்திருக்கிறேன், அழிக்க மனசு வரவில்லை.